ஸ்னோ பைக் கிட்டுக்கு எந்தச் செயின், அதை எப்படிப் பராமரிப்பது?

450 சிசி மோட்டோகிராஸ் பைக்கின் பின்சக்கரத்தையும் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் கழற்றிவிட்டு, பனியில் ஓட்டுவதற்காகச் சுழலும் பட்டை வைத்த ட்ராக் கிட் மாட்டியிருக்கிறீர்கள். முதல் சீசன் முடிவதற்குள்ளேயே கீழ்ச் செயின் தொங்க ஆரம்பித்துவிட்டது. பனியில் மண்ணும் மணலும் கிடையாதே, அப்புறம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது, அடுத்து வாங்குவது ஓ-ரிங் செயினா சாதாரணச் செயினா, பராமரிப்பு எப்படி என்பது உங்கள் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செயின் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் பலத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் அதிகம். பனியில் செயினை உண்மையில் முடித்துவைப்பது வேறு சில விஷயங்கள்.

ஸ்னோ பைக்கில் பெரும்பாலும் இரண்டு செயின்கள் இருக்கும். இன்ஜினின் முன் ஸ்ப்ராக்கெட்டிலிருந்து (செயின் ஏறும் பல்சக்கரம்) ஜாக் ஷாஃப்ட் என்ற இடைத்தண்டு வரை ஒன்று; அதை மேல்செயின் என்று வைத்துக்கொள்வோம். ஜாக் ஷாஃப்டிலிருந்து ட்ராக்கைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் வரை இன்னொன்று; அது கீழ்ச்செயின். சில கிட்டுகளில் இந்தக் கீழ்ச்செயின் எண்ணெய் நிரப்பிய மூடிய பெட்டிக்குள் ஓடும், சிலவற்றில் திறந்தவெளியில் ஒரு கவருக்குப் பின்னால் ஓடும். பல் வைத்த பெல்ட்டில் ஓடும் கிட்டுகளும் உண்டு. மேல்செயின் இன்ஜினுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூடும் உருகிய தண்ணீரும் மாறி மாறிப் படும். கீழ்ச்செயின் ட்ராக்கை ஒட்டி, நாள் முழுக்கப் பனித்தூளில் நனைந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒரே 520 அளவுச் செயினாக இருக்கலாம், ஆனால் இருக்கும் சூழல் வேறு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்க முடியாது.

மண் இல்லாமல் ஏன் தேய்கிறது என்பதற்கு வருவோம். செயின் நீளுவது என்று நாம் சொல்வது இரும்பு இழுபட்டு நீளுவது அல்ல. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், புஷ் என்ற குட்டிக் குழாய்க்குள் திரும்புகிறது. அந்த இரண்டும் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்போது, எல்லாக் கண்ணிகளின் தேய்மானமும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. பின் எப்போது திரும்பும்? செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும். அப்படியானால் ஒரு கண்ணி எத்தனை தடவை ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வருகிறது என்பதுதான் கணக்கு.

சக்கரம் போட்ட மோட்டோகிராஸ் பைக்கில் செயின் சுமார் 114 கண்ணி இருக்கும். கிட்டின் செயின் மிகக் குட்டையானது. உதாரணத்துக்கு, இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே 250 மி.மீ., ஸ்ப்ராக்கெட்டுகள் 13, 15 பல் என்று வைத்தால் 46 கண்ணிதான் வரும். ஒரே வேகத்தில் செயின் ஓடினாலும், 46 கண்ணிச் செயினில் ஒவ்வொரு கண்ணியும் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு அதிகத் தடவை மடங்கி நிமிர்கிறது. மணல் இல்லாததால் கிடைத்த லாபம் இங்கே போய்விடுகிறது. அத்துடன், ஆழமான தூள்பனியில் த்ராட்டிலை மூடவே முடியாது. மண் பாதையில் சில நொடிகள் முழு த்ராட்டில் என்றால், மலைச்சரிவில் நிமிடக்கணக்கில் முழு த்ராட்டில். ஆகவே உங்கள் செயின் ஒரு சீசனில் போனதை வைத்து அது மட்டமான செயின் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இப்போது பலம். 520 வகையில் நல்ல செயின்கள் 36 கிலோ நியூட்டன் வரை, அதாவது சுமார் 3,700 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வரை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது? 450 சிசி இன்ஜினின் உச்ச முறுக்குவிசை ஏறக்குறைய 50 நியூட்டன் மீட்டர். உள்ளே இருக்கும் பிரைமரி கியரும் முதல் கியரும் சேர்ந்து அதை ஐந்து மடங்கு போலப் பெருக்கினால், முன் ஸ்ப்ராக்கெட்டில் 250 வரும். 13 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 33 மி.மீ. எனவே மேல்செயினில் விழும் இழுப்பு ஏழரை கிலோ நியூட்டன் அளவுதான். கணக்குப்படி நாலைந்து மடங்கு மிச்சம் இருக்கிறது. ஆனாலும் செயின் அறுகிறதே? ஒரே இழுப்பில் அறுவது அபூர்வம். லட்சக்கணக்கான தடவை இழுத்து இழுத்து விடுவதில் பக்கத்தட்டு சோர்ந்து கீறல் விடுவதும், துருக் குழியிலிருந்து அந்தக் கீறல் தொடங்குவதும், உறைந்துபோன ட்ராக்கின் மேல் கிளட்சைப் படக்கென்று விடும் அதிர்ச்சியும்தான் காரணம். இந்த மூன்றுக்கும் பெட்டியில் உள்ள எண் பதில் சொல்லாது. பெரிய எண் போட்ட செயினைத் துருப்பிடிக்க விட்டு ஓட்டுவதைவிட, நடுத்தரமான செயினைச் சுத்தமாக வைத்து ஓட்டுவது எவ்வளவோ மேல்.

இதே கணக்கில் இன்னொரு பலனும் இருக்கிறது. செயினில் விழும் இழுப்பு, ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கை கூடக் கூடக் குறையும். 13 பல்லுக்குப் பதிலாக 15 பல் போட்டு, மறுபக்க ஸ்ப்ராக்கெட்டையும் அதே விகிதத்தில் பெரிதாக்கினால், கியர் விகிதம் மாறாது, இழுப்பு மட்டும் 13 சதவீதம் குறையும். ஓட்டமும் மென்மையாகும். ஸ்ப்ராக்கெட் வட்டம் அல்ல, பலகோணம். 11 பல்லில் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் சுமார் 4 சதவீதம் ஏறி இறங்கும், 13 பல்லில் 2.9, 15 பல்லில் 2.2. இந்தத் துடிப்பு பேரிங்குகளுக்கும் போகும். இடம் இருந்தால், கிட் தயாரிப்பாளரும் அனுமதித்தால், பெரிய ஜோடியைப் போடுங்கள். உயரமான மலைகளில் ஓட்டுபவர்கள் காற்று மெலிந்து இன்ஜின் சோர்வதை ஈடுகட்ட முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் குறைப்பார்கள். அதைவிட மறுபக்கத்தில் பல்லைக் கூட்டி அதே விகிதத்தைக் கொண்டுவருவது செயினுக்கு நல்லது.

பல்லை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பக்கம் ஒரு பல் கூட்டினாலும் செயினுக்கு அரைக் கண்ணி கூடுதலாகத் தேவைப்படும். அரைக் கண்ணிக்கு என்று வளைந்த தனிக் கண்ணி விற்கிறது. அதைத் தொடவே தொடாதீர்கள், செயினிலேயே பலவீனமான இடம் அதுவாகத்தான் இருக்கும். செயினை நீட்டாமல் சமாளிக்க இரண்டு ஷாஃப்டுக்கும் உள்ள தூரத்தை ஏறக்குறைய 4 மி.மீ. குறைக்க வேண்டும். கிட்டின் அட்ஜஸ்ட்டரிலோ டென்ஷனரிலோ அந்த 4 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்ப்ராக்கெட்டுக்குப் பணம் கொடுங்கள். செயினில் கண்ணிகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் வரும், அதனால் ஸ்ப்ராக்கெட்டில் ஒற்றைப்படைப் பல் இருந்தால் நல்லது. ஒரே பல் ஒரே ரோலரைத் திரும்பத் திரும்பச் சந்திக்காமல் தேய்மானம் பரவிப்போகும்.

சரி, ஓ-ரிங்கா சாதாரணமா? திறந்தவெளியில் ஓடும் செயின் என்றால் என் பதில் ஓ-ரிங் அல்லது எக்ஸ்-ரிங் தான், மேல்செயினுக்கும் கீழ்ச்செயினுக்கும். சீல் உள்ள செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வளையத்தால் அடைத்திருப்பார்கள். மண் பைக்கில் அந்த வளையத்தின் வேலை மணலை வெளியே நிறுத்துவது. பனியில் அதன் வேலை தண்ணீரை வெளியே நிறுத்துவது. சீல் இல்லாத செயினில் நீங்கள் காலையில் விட்ட எண்ணெய், மதியத்துக்குள் உருகிய பனித் தண்ணீரில் அலசிப் போய்விடும். மிச்ச நேரம் முழுக்கப் பின்னும் புஷ்ஷும் தண்ணீரில் உரசும். இரவில் அதே தண்ணீர் உள்ளே உறையும்.

சீலுக்கும் ஒரு விலை உண்டு. சாதாரண நைட்ரைல் ரப்பர் குளிரில் விறைக்கும். கடும் குளிரில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற பைக்கின் சீல் செயினைக் கையில் பிடித்து மடக்கிப் பாருங்கள், கண்ணிகள் வளைத்த நிலையிலேயே நிற்கும், தாமாக நிமிராது. ஓட ஆரம்பித்துச் சூடேறியதும் இது சரியாகிவிடும். எக்ஸ்-ரிங்குக்கு நான்கு மெல்லிய உதடுகள் இருப்பதால் தட்டோடு உரசும் பரப்பு குறைவு, இழுவையும் குறைவு. விலை வித்தியாசத்துக்கு ஏற்ற பலன் இருக்கிறது என்பது என் கருத்து. பந்தயத்துக்கு ஓட்டுபவர்கள் அந்தக் கொஞ்ச இழுவைகூட வேண்டாம் என்று சீல் இல்லாத செயின் போட்டு, அடிக்கடி மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் கணக்கு வேறு. மனித நடமாட்டம் இல்லாத மலைச்சரிவில் திரிபவர்களுக்கு அது பொருந்தாது.

எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடும் செயின் என்றால் எல்லாமே தலைகீழ். அங்கே சீல் செயின் போடக் கூடாது. சுற்றிலும் எண்ணெய் இருக்க, அது உள்ளே போக முடியாமல் சீல் தடுக்கும்; சூடான எண்ணெயில் ரப்பர் ஊறிக் கெடவும் வாய்ப்புண்டு. கிட் தயாரிப்பாளர் எந்த வகை சொல்கிறாரோ அதையே போடுங்கள். சில பெட்டிகளில் ரோலர் செயினே இருக்காது, ஸ்னோமொபைல்களில் இருப்பது போன்ற அடுக்குத் தகடுகளாலான சைலன்ட் செயின் இருக்கும். அதற்கு ஸ்ப்ராக்கெட்டும் வேறு.

அளவைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். 520 என்பதில் 5 என்பது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 15.875 மி.மீ.; அடுத்து வரும் 20 உள் அகலத்தைக் குறிக்கிறது, அது கால் அங்குலம், 6.35 மி.மீ. 525, 530 இரண்டிலும் பின் தூரம் இதேதான், அகலம் மட்டும் கூடும். ஸ்ப்ராக்கெட்டும் அதே எண்ணில் இருக்க வேண்டும். 520 ஸ்ப்ராக்கெட்டில் 530 செயின் ஏறும், ஓடவும் செய்யும், ஆனால் பக்கவாட்டில் ஆடி ஆடிப் பல்லைத் தின்றுவிடும். தட்டுகளுக்கு நிக்கல் அல்லது துத்தநாகப் பூச்சு உள்ள செயின் கிடைத்தால் வாங்குங்கள். தங்க நிறத்தில் பளபளக்கிறது என்பதற்காக அல்ல. நான் மேலே சொன்ன துருக் குழிகள் தோன்றுவதைத் தள்ளிப்போடும் என்பதற்காக.

செயினின் இரண்டு முனைகளையும் இணைக்கும் கண்ணிதான் செயின் லாக்; அதில் கிளிப் வைத்ததும் உண்டு, ரிவெட் அடிப்பதும் உண்டு. கீழ்ச்செயினுக்கு ரிவெட்தான் என் தேர்வு. மேல்செயினுக்குக் கிளிப் பரவாயில்லை, குளிர் முடிந்து சக்கரம் மாட்டும்போது கழற்ற வேண்டியிருக்குமே. கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் முன்னோக்கி இருக்க வேண்டும். எக்ஸ்-ரிங், ஓ-ரிங் செயின்களின் லாக்கோடு நான்கு தனி ரப்பர் வளையங்கள் வரும். பின்னில் கூடவே வரும் கிரீஸைத் தடவி, உள்ளே இரண்டு, வெளியே இரண்டு என்று போட்டுத்தான் தட்டை அழுத்த வேண்டும். ஒரு வளையம் விட்டுப்போனாலும் அந்த ஒரு கண்ணி மட்டும் சீக்கிரம் துருப்பிடித்து விறைத்துவிடும், செயினைச் சுற்றும்போது அந்த இடம் ஸ்ப்ராக்கெட்டில் துள்ளுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அடுத்து டென்ஷன். உங்கள் செயினின் ஆயுளை முடிவுசெய்வதில் பாதிப் பங்கு இதற்கு. சக்கரம் போட்ட பைக்கில் சஸ்பென்ஷன் மேலும் கீழும் போக, முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் மாறும். அதனால்தான் அங்கே செயினைத் தாராளமாக லூசாக விடச் சொல்கிறார்கள். ஸ்னோ கிட்டில் ஸ்விங் ஆர்ம் கிடையாது. கிட்டின் சட்டம் ஸ்விங் ஆர்ம் பிவட்டிலும், ஷாக் இருந்த இடத்திலும் இறுக்கி மாட்டப்படுகிறது. சஸ்பென்ஷன் ட்ராக்குக்குள்ளேயே இருக்கிறது. இப்படி இறுக்கி மாட்டிய கிட்டில் இரண்டு செயின்களின் மைய தூரமும், அதாவது ஷாஃப்டுகளுக்கு இடையே உள்ள தூரமும், மாறுவதே இல்லை. பழைய பழக்கத்தில் மூன்று விரல் நுழையும் அளவுக்கு விட்டால், 250 மி.மீ. இடைவெளியில் அது மிக அதிகம்.

கிட்டின் கையேட்டில் அளவு இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. இல்லையென்றால் தொழிற்சாலைச் செயின்களுக்கான பொது வழக்கத்தைப் பின்பற்றலாம்: படுக்கையாக ஓடும் செயினில் நடுப்பகுதி மேலும் கீழும் ஆடும் மொத்த அளவு, இடைவெளியில் சுமார் 4 சதவீதம், செங்குத்தாக ஓடினால், அல்லது அடிக்கடி அதிர்ச்சி விழுந்தால் 2 சதவீதம். 250 மி.மீ. இடைவெளிக்கு 5 முதல் 10 மி.மீ. என்று வருகிறது. கீழ்ச்செயின் சரிவாக நிற்பதாலும் அதிர்ச்சி அதிகம் என்பதாலும் குறைந்த பக்கமாகவே வைப்பது சரி. அதற்காக முறுக்கிவிட வேண்டாம். மிக டைட்டான செயின், ஓடாமல் நிற்கும்போதே இன்ஜினின் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கையும் ஜாக் ஷாஃப்ட் பேரிங்கையும் இழுத்துக்கொண்டிருக்கும். பேரிங் போனால் அது செயினை விடப் பெரிய செலவு.

அளக்கும் முறை இப்படி: பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, ட்ராக் தரையைத் தொடாதபடி வையுங்கள். கியர் நியூட்ரலில், இன்ஜின் நிறுத்தியிருக்க, ட்ராக்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். எங்கேயோ ஓரிடத்தில் மற்ற இடங்களைவிட டைட்டாக இருக்கும். அந்த இடத்தில் சரியான அளவு வரும்படி வைக்க வேண்டும், லூசான இடத்தில் அல்ல. டைட்டான இடத்துக்கும் லூசான இடத்துக்கும் வித்தியாசம் மிக அதிகம் என்றால், செயின் சமமாகத் தேயவில்லை, அல்லது ஸ்ப்ராக்கெட் மையத்தில் இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, ட்ராக் சுழலச் சுழலச் செயினைத் தொடுவதோ துணியால் துடைப்பதோ கூடவே கூடாது. விரல்கள் போன கதைகள் இந்தத் துறையில் நிறைய உண்டு.

புதுச் செயின் மாட்டியதும் முதல் ஓட்டம் முடிந்து ஒருமுறை கட்டாயம் பாருங்கள். பின்களும் புஷ்களும் ஒன்றோடொன்று படிய, ஆரம்பத்தில் கொஞ்சம் லூசாகும். அதன் பிறகு மெதுவாகத்தான் மாறும்.

குட்டைச் செயினில் தேய்மானம் எவ்வளவு சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு. 46 கண்ணிச் செயின் 730 மி.மீ. நீளம். அது 1 சதவீதம் தேய்ந்தால் 7 மி.மீ. நீளும். அந்த நீளம் முழுதும் தொய்வுப் பக்கத்தில் சேர்ந்தால், 250 மி.மீ. இடைவெளியின் நடுவில் இரண்டரை செ.மீ. தொங்கும்! ஆகவே தொங்குவதைப் பார்த்தவுடன் செயினைத் தூக்கி எறிய வேண்டாம். முதலில் அளக்க வேண்டும். ஒரு பின்னின் இடது விளிம்பிலிருந்து, 20 கண்ணி தள்ளி வரும் பின்னின் இடது விளிம்பு வரை, செயினை நன்றாக இழுத்துப் பிடித்து அளவெடுங்கள். 520 செயின் புதிதாக இருக்கும்போது இது 317.5 மி.மீ. சீல் செயின் 1 சதவீதம், அதாவது 320.7 தொட்டதும் மாற்றிவிடுங்கள். சீல் இல்லாததை 2 சதவீதம் வரை ஓட்டுபவர்கள் உண்டு, ஆனால் ஸ்னோ பைக்கின் சின்ன ஸ்ப்ராக்கெட்டுகளில் நான் அவ்வளவு தூரம் போக விடமாட்டேன். வெவ்வேறு மூன்று இடங்களில் அளந்து, அதில் மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழ்ச்செயின் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராகப் பேசக் காரணம் பிரேக். ஸ்னோ பைக்கின் முன்னால் இருப்பது ஸ்கீ, அதில் பிரேக் கிடையாது. வண்டியை நிறுத்துவது ட்ராக் மட்டுமே. உங்கள் கிட்டில் பிரேக் டிஸ்க் எந்த ஷாஃப்டில் இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். டிரைவ் ஷாஃப்டிலேயே இருந்தால், செயின் அறுந்தாலும் பிரேக் பிடிக்கும். ஜாக் ஷாஃப்டில் இருந்தால், பிரேக்கின் பிடி கீழ்ச்செயின் வழியாகத்தான் ட்ராக்குக்குப் போகிறது. அந்தச் செயின் அறுந்தால் இன்ஜின் பிரேக்கிங்கும் கிடையாது, டிஸ்க் பிரேக்கும் கிடையாது, செங்குத்துச் சரிவில் வெறும் ஸ்கீயோடு நிற்பீர்கள். அப்படிப்பட்ட கிட் என்றால் கீழ்ச்செயினைத் தேய்மான எல்லை வரை ஓட்டாமல், அதற்கு முன்பே மாற்றுவதுதான் நியாயம். பிரேக் பிடிக்கும்போது இழுப்பு செயினின் மறுபக்கத்துக்கு, அதாவது டென்ஷனர் இருக்கும் தொய்வுப் பக்கத்துக்கு மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். டென்ஷனரின் பிளாஸ்டிக் ரோலரோ பட்டையோ அதனால்தான் அடிவாங்கும். செயினைப் பார்க்கும்போதெல்லாம் அதிலும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மேல்செயின் அறுந்தால் ஆபத்து வேறு மாதிரி. அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு இன்ஜின் கேஸை உடைத்துவிடும். கிட் மாட்டும்போது இடம் போதவில்லை என்று சிலர் கேஸ் சேவரை, அதாவது அறுந்த செயினிலிருந்து கேஸைக் காக்கும் தகட்டை, கழற்றிவிடுகிறார்கள். முடிந்தவரை அதை வைத்தே மாட்டுங்கள்.

இனி எண்ணெய். கியர் ஆயில்தான் சீல் செயினுக்குப் பாரம்பரியமான, நம்பகமான தேர்வு. ஆனால் வெப்ப இடங்களில் பழகிய 80டபிள்யூ-90 இங்கே சரிப்படாது. வாகன எண்ணெய்களின் தடிமனை வகைப்படுத்தும் எஸ்.ஏ.இ. தர அளவுப்படி 80டபிள்யூ எண்ணெய், மைனஸ் 26 டிகிரி செல்சியஸில் ஒரு குறிப்பிட்ட தடிமனைத் தாண்டக் கூடாது; 75டபிள்யூ எண்ணெய்க்கு அதே வரம்பு மைனஸ் 40 டிகிரியில். 85டபிள்யூவுக்கு மைனஸ் 12 தான். அதனால் 75டபிள்யூ-90 சிந்தெடிக் வாங்குங்கள். ஸ்ப்ரேயில் வரும் செயின் லூப் என்றால், குளிர்காலத்துக்கு ஏற்றது, ஓ-ரிங்குக்குக் கெடுதல் செய்யாதது என்று எழுதியிருக்க வேண்டும். மெழுகு வகை லூப் மண் பைக்கில் அருமையானது. கடும் குளிரில் அது செதிலாக உதிர்ந்துபோகிறது.

எப்போது போடுவது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். காலையில் கிளம்பும் முன் உறைந்த செயினில் அடிப்பது வீண். எண்ணெய் உள்ளே இறங்காது, பனிக்கட்டியின் மேல் படிந்து, கட்டி உருகும்போது அதோடு போய்விடும். ஓட்டம் முடிந்து வந்த மாலையில்தான் வேலை. வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்தி, பனிக்கட்டி எல்லாம் உருகிச் சொட்டி முடியட்டும். பிறகு துணியால் துடைத்து, தண்ணீரை விரட்டும் ஸ்ப்ரே ஒரு சுற்று அடித்து, மறுபடி துடையுங்கள். அந்த ஸ்ப்ரேயே எண்ணெய் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அது ஈரத்தை வெளியேற்றும், அவ்வளவுதான். அதன் பிறகு கியர் ஆயிலை உள்பக்கத் தட்டுக்கும் வெளிப்பக்கத் தட்டுக்கும் நடுவே, ரப்பர் வளையம் தெரியும் அந்த இடுக்கில், கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கமாக விட வேண்டும். செயின் சுற்றும்போது அது தானே வெளியே பரவும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். சீல் செயினுக்கு நாம் விடும் எண்ணெய் பின்னுக்கு அல்ல. ரோலருக்கும், சீல் காயாமல் இருப்பதற்கும், தட்டு துருப்பிடிக்காமல் இருப்பதற்கும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும். பெட்ரோலும் கம்பி பிரஷும் சீலைக் கெடுக்கும். பிரஷர் வாஷரைச் செயினுக்கு நேராகப் பிடித்தால் தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும்.

ட்ரெய்லரில் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று. குளிர்காலத்தில் சாலைகளில் போடும் உப்பு, குறிப்பாகக் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காய்ந்ததுபோல் தெரிந்தாலும் காயாது. ஒரு நாள் பனியில் ஓட்டுவதைவிட, மூடாமல் நெடுஞ்சாலையில் இழுத்துவரும் சில மணி நேரம் செயினுக்கு அதிகக் கெடுதல் செய்யும். ட்ராக்கின் முன்பகுதி வரை மறைக்கிற மாதிரி கவர் போடுங்கள். வீடு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரால் மெதுவாக அலசி, காயவைத்து, அதன் பிறகு எண்ணெய்.

பனிக்கட்டி செயினுக்குச் செய்யும் நேரடிக் கெடுதலும் உண்டு. ஸ்ப்ராக்கெட் பல்லுக்கு நடுவில் பனி புகுந்து, ரோலர் அதை அழுத்தி அழுத்திக் கட்டியாக்கும். செயின் பல்லின் அடி வரை உட்காராமல் மேலேயே ஓடும். அதாவது ஓடும்போதே செயின் தானாக டைட்டாகும். படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டால் அதுதான். பல்லுக்கு அடியில் பள்ளம் வெட்டிய, சேறு வெளியேறுவதற்கென்று செய்த ஸ்ப்ராக்கெட்டுகள் இங்கே உண்மையிலேயே உதவும், பனியும் அந்தப் பள்ளம் வழியாகப் பிதுங்கிப் போகும். கவருக்குள் பனி தேங்கும் மூலையை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையால் கிளறி விடுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நிறுத்தினாலே ஈரமான ட்ராக் தரையோடும் சறுக்குப் பட்டைகளோடும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஏறி உட்கார்ந்து முதல் கியரில் கிளட்சை விட்டால், அந்த அதிர்ச்சி முழுவதையும் இரண்டு செயின்களும் வாங்கும். பின்பக்கத்தைத் தூக்கி ஓரிரு தடவை கீழே போட்டு, ட்ராக்கை விடுவித்த பிறகு கிளம்புங்கள். முதல் சில நூறு மீட்டர் மெதுவாகப் போனால் சீல் ரப்பரும் கிரீஸும் இளகிவிடும்.

எண்ணெய்ப் பெட்டி கிட்டுகளுக்குச் சுருக்கமாக: அளவுக்குச்சி அல்லது லெவல் துளையை அவ்வப்போது பாருங்கள், சீசனுக்கு ஒருமுறையாவது எண்ணெயை மாற்றுங்கள். கழற்றிய எண்ணெய் பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; சீலைத் தேடுங்கள். காந்த போல்ட்டில் பசை மாதிரி ஒட்டியிருக்கும் மெல்லிய பொடி இயல்பு. கையில் குத்தும் துண்டுகள் இருந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். நிறைய ஊற்றினால் நல்லது என்று மட்டத்துக்கு மேல் ஊற்ற வேண்டாம், நுரைத்துச் சூடேறி சீல் வழியாக வெளியே வரும்.

வழியில் அறுந்தால் சமாளிக்க, இரண்டு செயின் லாக், நான்கைந்து கண்ணி உள்ள துண்டு, சின்னச் செயின் கட்டர், மூக்குக் குறடு இவற்றைப் பையில் வையுங்கள். எந்தச் செயினுக்கு எது என்று தனித்தனிப் பையில் கட்டி வைப்பது நல்லது. ஒரே 520 என்றாலும் வேறு தயாரிப்பாளரின் லாக்கில் பின் தடிமன் வேறாக இருக்கும், பொருந்தாது. வேலை தொடங்கும் முன் செயினுக்கு அடியில் ஒரு துணியையோ ஜாக்கெட்டையோ விரியுங்கள். கிளிப் தெறித்துத் தூள்பனியில் விழுந்தால் கிடைக்காது. கையுறை போட்டுக்கொண்டு கிளிப் மாட்ட முடியாது, கழற்றினால் விரல் சில நிமிடங்களில் மரத்துவிடும். இதை வீட்டிலேயே இரண்டு தடவை பழகிக்கொள்ளுங்கள்.

கோடையில் கிட்டைக் கழற்றி சக்கரம் மாட்டும்போது பலரும் கவனிக்காதது முன் ஸ்ப்ராக்கெட். அது கோடையில் ஓடும் சக்கரச் செயினுக்கும் கிட்டின் மேல்செயினுக்கும் பொதுவாக இருப்பதால், கோடை முழுக்க மணலில் தேய்ந்த பல்லில் அடுத்த குளிரில் கிட்டின் நல்ல செயினை மாட்டுகிறோம். தேய்ந்த பல் புதுச் செயினைச் சீக்கிரமே தன் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். பனிக்கு ஒரு முன் ஸ்ப்ராக்கெட், மண்ணுக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்து, அந்தந்தச் செயினோடு சேர்த்தே கட்டி வையுங்கள். பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கி போல வளைந்திருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். அலுமினிய ஸ்ப்ராக்கெட் எடை குறைவு, ஆனால் இந்தக் குட்டைச் செயின் அமைப்பில் வேகமாகத் தேயும், ஸ்டீலே போதும்.

கிட் பரணில் இருக்கும் மாதங்களில் செயின் டென்ஷனைத் தளர்த்தி விடுங்கள். திறந்த கீழ்ச்செயினைக் கழற்றிச் சுத்தம் செய்து, கியர் ஆயில் தடவி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, 20 கண்ணி அளவை ஒரு சீட்டில் எழுதி அதோடு வைத்துவிட்டால், அடுத்த சீசனுக்குப் புதுச் செயின் வாங்க வேண்டுமா என்பது பனி விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். உங்கள் இப்போதைய செயினுக்கும் அதையே செய்யுங்கள்: முதலில் அளவெடுங்கள், 320.7-க்குள் இருந்தால் டென்ஷனைச் சரிசெய்து ஓட்டுங்கள், தாண்டியிருந்தால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்து மாற்றி, திறந்த வகைக் கிட் என்றால் ரிவெட் லாக் உள்ள 520 எக்ஸ்-ரிங் செயின் போடுங்கள்.